எடைபோடும் சொற்கள்: ஆங்கிலத்தில் ‘எண்ணிப்பார்த்தல்’ குறித்த ஒருபொருட்சொற்களும் 1794-ஆம் ஆண்டுக் கொலைச் சட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

ஒன்றைக் குறித்து எண்ணிப்பார்த்தலைச் சுட்ட ஆங்கிலத்தில் பத்துக்கும் மேற்பட்ட வினைச்சொற்கள் வழங்குகின்றன. அவற்றின் பிறப்பு, வழக்கு ஆகியவற்றையும், அவற்றை வேறுபடுத்திக் காட்ட 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த நூல்களையும் இக்கட்டுரை முதலில் நோக்குகிறது. அச்சொற்களுள் இரண்டு 1794-இல் பென்சில்வேனியக் கொலைச் சட்டத்தில் அருகருகே அமைந்தன. அவை ஒரே பொருளினவா, வெவ்வேறு பொருளினவா என்னும் வினா மரண தண்டனையைத் தீர்மானிக்கும் வினாவாக மாறிய வரலாறு அடுத்து ஆராயப்படுகிறது. அவ்வேறுபாட்டைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கலும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒருபொருட்சொல், சொற்பிறப்பு, அகராதியியல், சட்டமொழி, சொற்பொருள் மாற்றம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

1794-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் பிலடெல்பியாவில் ஒரு சட்டமும் வெளிவந்தன. நூலை எழுதியவர் ஹெஸ்டர் லின்ச் பியோட்சி. சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய நட்பைப் பெற்றிருந்த இவ்வம்மையார், அன்றாட உரையாடலில் சொல்லைத் தேர்ந்து பயன்படுத்துவதற்கு ஒரு நெறி வகுக்க முயன்று ‘பிரிட்டிஷ் சினானிமி’ என்னும் தலைப்பில் இரு தொகுதிகளை வெளியிட்டார். சட்டத்தை இயற்றியது பென்சில்வேனிய மாநிலச் சட்டமன்றம். கொலைக் குற்றத்தை முதல் தரம், இரண்டாம் தரம் எனப் பிரித்து, முதல் தரக் கொலைக்கு மட்டுமே மரண தண்டனை என்று அது வரையறுத்தது. நூலுக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒத்த பொருளுடைய சொற்களுக்கிடையே உண்மையான வேறுபாடு உண்டா என்னும் ஒரே வினாவை இரண்டும் தத்தம் வழியில் எழுப்பின. உரையாடலில் தவறான சொல்லைத் தேர்ந்தவர் நகைப்புக்கு உள்ளாவார். பிலடெல்பியாவில் இயற்றப்பட்ட சட்டத்திலோ அத்தேர்வின் முடிவில் தூக்குக்கயிறு இருந்தது.

அச்சட்டத்தில் நச்சிட்டுக் கொல்லுதல், பதுங்கியிருந்து கொல்லுதல் ஆகியவற்றை அடுத்து மூன்று அடைமொழிகள் இடம்பெற்றன. அவை ‘வில்ஃபுல்’, ‘டெலிபரேட்’, ‘பிரிமெடிடேட்டட்’ என்பன. முதற்சொல் விருப்பத்தைக் குறிப்பது. பின்னிரண்டும் எண்ணிப்பார்த்தலைக் குறிக்கும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவ்விரண்டுக்கும் இடையிலான உறவை அறிய அக்குடும்பத்தின் வரலாற்றை முதலில் காணல் வேண்டும்.

தராசும் வானமும் இரைப்பையும்

எண்ணுதல் கண்ணுக்குப் புலனாகாத செயல். ஆதலின் அதனைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் புறச்செயல் ஒன்றிலிருந்து கடன்பெற்றவையாக உள்ளன. ஆங்கிலத்தில் இக்கடன் பெரிதும் இலத்தீன் வழியாக வந்தது. ‘பாண்டர்’ என்பது ‘எடை’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘பாண்டஸ்’ என்னும் பெயரின் வழிவந்தது. எடையளவையான ‘பவுண்ட்’ என்பதும் அதற்கு உறவு. ‘டெலிபரேட்’ என்பதற்குத் தராசைக் குறிக்கும் ‘லிப்ரா’ மூலமாகக் காட்டப்படுகிறது. துலா இராசியின் பெயரும் அதுவே. இவற்றோடு ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘வெய்’ என்பதும் எடைபோடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கிறது. ஆக, மூன்று சொற்கள் ஒரே தராசில் பிறந்தவை.

‘கன்சிடர்’, ‘கன்டெம்ப்ளேட்’ ஆகிய இரண்டும் வானை நோக்குபவை. விண்மீனைக் குறிக்கும் ‘சிடுஸ்’ என்னும் சொல் முன்னதில் பொதிந்துள்ளது எனப் பெரும்பாலோர் கொள்வர், ஐயுறுவோரும் உளர். பின்னதில் உள்ள ‘டெம்ப்லும்’ என்பது உரோமானிய நிமித்திகர் பறவைக்குறி காண்பதற்காக வரையறுத்துக்கொண்ட வெளியைக் குறித்தது. கோயில் என்னும் பொருள் அதனோடு பின்னிக் கிடப்பது. ‘ரிஃப்ளெக்ட்’ என்பது பின்னோக்கி வளைத்தல். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைப் போல மனம் தன்மீதே திரும்புதலை அது குறித்தது. ‘ரூமினேட்’ என்பதோ மாட்டின் இரைப்பையிலிருந்து வந்தது. தமிழில் ‘அசைபோடுதல்’ என்னும் வழக்கு இதனோடு முற்றிலும் ஒத்துள்ளது. கால்நடையோடு வாழ்ந்த இரு சமூகங்கள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே உருவகத்தைத் தனித்தனியே அடைந்திருத்தல் இயல்பே.

‘புரூட்’ என்பது கோழி அடைகாத்தலிலிருந்து வந்தது. எனவே அதில் வெதுவெதுப்பும் உண்டு, இருளும் உண்டு. இன்றைய வழக்கில் மனக்குறையை உள்ளுக்குள்ளேயே வைத்துக் காப்பவரைப் பற்றியே இச்சொல் பெரும்பாலும் வழங்குகிறது. ‘மியூஸ்’ என்னும் வினையைக் கலைமகளிரான கிரேக்கத் தெய்வங்களோடு தொடர்புறுத்துவது பரவலான பிழை. அது பழம்பிரெஞ்சு வழியாக வந்தது. விலங்கின் முகவாயைக் குறிக்கும் சொல்லோடு அதனை இணைப்பாரும் உண்டு. மூக்கை உயர்த்திக் காற்றில் மோப்பம் பிடித்தபடி நிற்கும் நாயின் தோற்றம் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கலாம் என்பது தெய்வக் கதையைவிடச் சுவையானது.

‘மெடிடேட்’ என்பதற்கு மட்டும் இத்தகைய தெளிவான காட்சி இல்லை. அளத்தல் என்னும் பொருளுடைய பழைய வேர் ஒன்றோடு அது இணைக்கப்படுகிறது. இலத்தீனில் அவ்வினை சிந்தித்தலோடு பயிற்சி செய்தலையும் ஒத்திகை பார்த்தலையும் குறித்தது. இவ்வொத்திகைப் பொருளே ‘முன்’ என்னும் முன்னொட்டோடு சேர்ந்து ‘பிரிமெடிடேட்’ ஆயிற்று. செய்யப்போவதை மனத்துள் ஒருமுறை முன்கூட்டியே நடத்திப் பார்த்தல் அதன் உட்கிடை.

வழக்கில் காணும் வேறுபாடு

பிறப்பில் ஒன்றாக உள்ளவை வழக்கில் ஒன்றாக இல்லை. தராசில் பிறந்த ‘பாண்டர்’, ‘டெலிபரேட்’ ஆகிய இரண்டையுமே எடுத்துக்கொள்ளலாம். ‘பாண்டர்’ தனியொருவர் நெடுநேரம் செய்யும் செயல். முடிவு கிட்டவேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. ‘டெலிபரேட்’ என்னும் வினை குழுவுக்கு உரியது. அமைச்சரவை, நடுவர் குழு, பேரவை ஆகியவை அதனைச் செய்யும். முடிவு ஒன்றை நோக்கியே செய்யும். ‘கன்சிடர்’ இரண்டுக்கும் பொதுவாக நின்று, மிகுந்த பயன்பாட்டால் கூர்மழுங்கிய சொல். இந்திய அலுவலகங்களில் கோப்பு ஒன்று ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கூறும்போது அதன் ஆங்கில மூலமாக இருப்பது இச்சொல்லின் பெயர்வடிவம்தான். யாரும் அதனை எண்ணிப்பார்க்கவில்லை என்பதே பலவேளைகளில் அத்தொடரின் நடைமுறைப் பொருள். ஒப்பந்தச் சட்டத்தில் அதே பெயர்வடிவம் சிந்தனையை முற்றிலும் விட்டு விலகி, ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாகப் பெறுவதைக் குறிக்கும். தமிழ்ச் சட்டச்சொல் அதனை ‘மறுபயன்’ என்கிறது.

‘கன்டெம்ப்ளேட்’ வருங்காலத்தை நோக்கும். திருமணம், பணிவிலகல், தற்கொலை ஆகியவற்றோடு அது சேரும்போது பாதி எண்ணமாகவும் பாதி நோக்கமாகவும் ஆகிறது. ‘ரிஃப்ளெக்ட்’ பெரும்பாலும் நடந்து முடிந்ததை நோக்கும். ‘ரூமினேட்’ ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணுதல். 1991-இல் சூசன் நோலன்-ஹோக்செமா என்னும் அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வு குறித்த தம் கோட்பாட்டில் இதன் பெயர்வடிவத்தைக் கலைச்சொல்லாக்கிய பின், உளவியல் எழுத்தில் அது நோயின் கூறாகவே ஆளப்படுகிறது. மாடு நிம்மதியாகச் செய்யும் செயல் மனிதருக்கு நோயாகிவிட்டது. ‘மல் ஓவர்’ என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எழுந்த பேச்சுவழக்கு. முறையான ஆவணங்களில் அதற்கு இடம் குறைவு.

இலக்கண அமைப்பிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. ‘கன்சிடர்’, ‘கன்டெம்ப்ளேட்’ ஆகியவை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ‘ரிஃப்ளெக்ட்’, ‘மெடிடேட்’, ‘ரூமினேட்’ ஆகியவை ‘மேல்’ என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல்லை வேண்டும். ‘பாண்டர்’ இருவகையிலும் வரும். தமிழ் மாணவர் ‘பற்றி’ என்னும் சொல்லுருபை நினைந்து ‘கன்சிடர்’ என்பதோடும் முன்னிடைச்சொல் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், தாய்மொழியில் எண்ணிப்பார்த்தல் பெரும்பாலும் ‘பற்றி’ நிகழ்வதே ஆகும்.

ஒருபொருட்சொல் நூல்கள்

இத்தகைய வேறுபாடுகளைத் திரட்டும் முயற்சி ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1718-இல் கேப்ரியல் ஜிரார் என்னும் பாதிரியார் பிரெஞ்சு மொழியின் சொற்பொருத்தம் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். முற்றிலும் ஒத்த பொருளுடைய இரு சொற்கள் இல்லை என்பது அவரது அடிப்படைக் கொள்கை. அதனைத் தழுவி 1766-இல் ஜான் டிரஸ்லர் ஆங்கிலத்தில் இரு தொகுதிகள் வெளியிட்டார். பியோட்சி அம்மையாரின் நூல் இவ்வரிசையில் அடுத்தது. அவர் வரையறை கூறுவதைவிட, உரையாடலின் போக்கிலேயே சொற்களை நடக்கவிட்டு வேறுபாட்டைக் காட்ட விரும்பினார். புலமையாளர் சிலர் அதனை எள்ளினர். எனினும் சொல்லின் வேறுபாடு அது வழங்கும் சூழலில்தான் தெரியும் என்னும் உணர்வு அவரிடம் இருந்ததை மறுத்தல் இயலாது.

அடுத்து வந்தவர்கள் வேறு வழி சென்றனர். 1813-இல் நார்விச் நகரத்து வில்லியம் டெய்லரும், 1816-இல் ஜார்ஜ் கிராபும் சொற்பிறப்பைத் துணைக்கொண்டு வேறுபாடு காண முயன்றனர். கிராபின் நூல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மறுபதிப்புப் பெற்றது. சொல்லின் வேரை அறிந்தால் அதன் இன்றைய எல்லையையும் அறியலாம் என்பது இம்முறையின் நம்பிக்கை. மேலே கண்டவாறு ஒரே தராசில் பிறந்த சொற்கள் தனிமனிதரிடமும் மன்றத்திடமும் பிரிந்து சென்றதை இந்நம்பிக்கையால் விளக்க முடியாது. 1851-இல் எலிசபெத் ஜேன் வேட்லி தொகுத்து, அவர் தந்தையாரான டப்ளின் பேராயர் ரிச்சர்ட் வேட்லி பதிப்பாளராக நின்று வெளியிட்ட சிறுநூல் இதனை வெளிப்படையாகவே எதிர்த்தது. ஒரு சொல் முன்பு எப்பொருளைத் தந்தது என்பதன்று, இப்போது எப்பொருளைத் தருகிறது என்பதே வினா என அது வாதிட்டது. மகள் தொகுத்த நூல் தந்தையின் பெயரால் நெடுங்காலம் அறியப்பட்டது.

மறு ஆண்டே, 1852-இல், பீட்டர் மார்க் ரொஜெட் தம் ‘தெசாரஸ்’ நூலை வெளியிட்டார். மருத்துவராகிய அவருக்கு அப்போது அகவை 73. உலகப் பொருள்களையும் கருத்துகளையும் ஆயிரம் தலைப்புகளுள் அடக்கிய அந்நூலில் ‘எண்ணம்’ 451-ஆம் தலைப்பு. இங்குக் கண்ட சொற்கள் பலவும் அதன்கீழ் வரிசையாக நிற்கின்றன. எதற்கும் விளக்கம் இல்லை. வேறுபாட்டை அறிந்தவர் தேடிவந்து எடுத்துக்கொள்வதற்கே அந்நூல் அமைந்தது. அறியாதவர் கையில் அது எல்லாச் சொல்லும் ஒன்றே என்னும் மயக்கத்தைத் தந்தது. இன்றும் மாணவர் கட்டுரைகளில் ‘திங்க்’ என்பதை நீக்கிவிட்டு ‘காஜிடேட்’ என்று எழுதும் அவலத்துக்கு அம்மயக்கமே காரணம்.

1794: சட்டத்துள் இரு சொற்கள்

இனிப் பிலடெல்பியாவுக்குத் திரும்பலாம். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி கொலைக்குற்றம் எதுவாயினும் மரண தண்டனைக்குரியதாக இருந்தது. அதனைக் குறைக்க விரும்பிய பென்சில்வேனிய ஆளுநர் மிஃப்லின் வேண்டுகோளின்பேரில் வில்லியம் பிராட்ஃபோர்ட் என்னும் சட்ட அறிஞர் ஓர் ஆய்வுரை எழுதி 1793-இல் வெளியிட்டார். மரண தண்டனை எவ்வளவு தேவை என்பதே அதன் பொருள். மறு ஆண்டு ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. கருணையின் பொருட்டே இத்தரப்பிரிப்பு நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. எண்ணிப்பாராமல் கொன்றவனை எண்ணிக் கொன்றவனிடமிருந்து பிரித்து உயிர்பிழைக்கவைப்பதே அதன் நோக்கம். வர்ஜீனியா 1796-இல் இம்முறையை ஏற்றது. காலப்போக்கில் பல மாநிலங்கள் அதே தொடரை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆங்கிலச் சட்டமொழிக்கு ஒத்தபொருட்சொற்களை இணைத்து அடுக்கும் பழக்கம் உண்டு. உயில் ஒன்றைக் குறிக்க இரு பெயர், செல்லாது என்பதற்கு இரு அடைமொழி, உடந்தையாதலுக்கு இரு வினை என்றவாறு அது செல்லும். சொந்த ஆங்கிலச் சொல்லோடு பிரெஞ்சு, இலத்தீன் வழிச் சொல்லையும் உடன்நிறுத்திய காலத்தின் எச்சம் அவற்றுள் பலவற்றில் உண்டு. தமிழ் இலக்கண மரபில் இதற்குப் பெயர் உண்டு. ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கு’ போன்றவற்றை நன்னூல் ‘ஒருபொருட்பன்மொழி’ எனக் கூறி, சிறப்புக் கருதி வருமாயின் வழுவன்று என ஏற்கிறது. செய்யுளில் அவ்வாறு வருவதால் பொருள் மிகுமேயன்றிக் கெடாது. ஆனால் சட்டத்துக்குப் பொருள்கொள்ளும் முறையில் வேறொரு விதியும் உண்டு. சட்டத்தில் எந்தச் சொல்லும் வீணாக நிற்பதில்லை; ஒவ்வொன்றுக்கும் தனிப்பயன் காணல் வேண்டும் என்பது அவ்விதி. ‘டெலிபரேட்’, ‘பிரிமெடிடேட்டட்’ என்னும் இரண்டும் ஒருபொருட்பன்மொழியாயின், முன்கூட்டி எண்ணியதைக் காட்டினாலே போதும். தனிப்பொருளினவாயின், முன்கூட்டி எண்ணியதோடு நன்மை தீமைகளைத் தராசிலிட்டு நிறுத்ததையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவரின் உயிர் இவ்விரண்டுக்கும் இடையே நின்றது.

பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் முதல் வழியின் பக்கமே சாய்ந்தது. 1868-ஆம் ஆண்டு டிரம் என்பவர்மீதான வழக்கில் நீதிபதி ஆக்னியூ அளித்த விளக்கம் பின்னாளில் மிகுதியும் மேற்கோளாக்கப்பட்டது. கொல்லும் திட்டத்தை மனம் முழுமையாக வகுப்பதற்கும் அதற்கேற்ற கருவியைத் தேர்வதற்கும் காலம் இருந்தால் போதும்; தீயவன் ஒருவனுக்கு அதற்கு மிகக் குறுகிய நேரமும் போதும் என்பது அதன் சாரம். இதன்பின் ‘டெலிபரேட்’ என்பதிலிருந்து நேரம் கழன்றது. நேரம் கழன்றபின் தராசின் தட்டு அசைவதற்கே இடமில்லை. எண்ணிப்பாராதவனைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட சொல், நொடியில் கொன்றவனையும் தூக்குமேடைக்கு அனுப்பும் சொல்லாயிற்று. சுருங்கச் சொன்னால், ‘டெலிபரேட்’ என்பது ‘வில்ஃபுல்’ என்பதற்குள் கரைந்தது.

1928-இல் நியூயார்க் மருத்துவக் கழகத்தில் ஆற்றிய உரையில் பெஞ்சமின் கார்டோசோ இதனை நேர்படக் கண்டித்தார். அப்போது அவர் நியூயார்க் மாநில உயர்முறையீட்டு மன்றத்தின் தலைமை நீதிபதி. தேர்வு நிகழ்ந்தாலே எண்ணிப்பார்த்தல் நிகழ்ந்தது என்று கொண்டால், வேண்டுமென்று செய்யும் எச்செயலும் எண்ணிப்பார்த்த செயலாகிவிடும். அவ்வேறுபாட்டை நடுவர்களால் விளங்கிக்கொள்ள முடியாது என்று அவர் கூறினார். உணர்ச்சி வேகத்தைக் கண்டு இரங்கும் உரிமையைத்தான் சட்டம் உண்மையில் நடுவர்க்குத் தருகிறது. அதனை நேராகவே தரலாமே, சொற்களின் மூடுபனிக்குள் மறைத்துத் தருவானேன் என்பது அவர் வாதத்தின் மையம். சட்ட அறிஞர் ஒருவர் ஒருபொருட்சொற்கள் மீது தொடுத்த தாக்குதல்களில் இதைவிடக் கூரியது காண்டல் அரிது.

கலிபோர்னியா: ஆழத்தை அளத்தல்

கலிபோர்னியா மாநிலம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கு நடுவர்க்கு வழங்கப்பட்டுவந்த விளக்கத்தில் ‘பிரிமெடிடேட்டட்’ என்பது முன்னரே எண்ணப்பட்டது என்றும், ‘டெலிபரேட்’ என்பது சார்பானவற்றையும் எதிரானவற்றையும் கவனமாக எடைபோட்டு அடைந்த முடிவு என்றும் தனித்தனியே பொருள் கூறப்பட்டது. கிராபும் டெய்லரும் விரும்பிய சொற்பிறப்பு முறை நீதிமன்றத்தில் மறுவாழ்வு பெற்றது போல இவ்விளக்கம் அமைந்துள்ளது. இலத்தீன் அறியாத பன்னிரு நடுவர் முன் இலத்தீன் தராசு கொண்டுவந்து வைக்கப்பட்டது. ஆயினும் குறுகிய நேரத்திலேயே அத்தகைய முடிவை அடைதலும் கூடும் என்று அவ்விளக்கமே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

1964-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. மனநோயுற்ற பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவன் தாயைக் கொன்ற வழக்கு அது. அவன் திட்டமிட்டிருந்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் செயலின் கனத்தை முதிர்ச்சியோடும் பொருளுணர்ந்தும் எண்ணிப்பார்க்கும் ஆற்றல் அவனிடம் இருந்ததா என்று மன்றம் வினவி, குற்றத்தை இரண்டாம் தரமாகக் குறைத்தது. அங்கே மன்றம் கையாண்ட வினை ‘ரிஃப்ளெக்ட்’. சட்டத்தில் இல்லாத மூன்றாம் சொல் ஒன்று, முன்னிருந்த இரண்டுக்கும் ஆழம் சேர்க்க அழைத்துவரப்பட்டது. 1968-இல் அதே மன்றம் மற்றொரு வழக்கில், எண்ணிப்பார்த்தலுக்குச் சான்றாகத் திட்டமிட்ட செயல், முன்னுறவிலிருந்து எழும் நோக்கம், கொன்ற முறை ஆகிய மூன்றையும் தேடுமாறு வழிகாட்டியது. உள்ளத்தைக் காண இயலாத நிலையில் புறத்தே எஞ்சும் தடயங்களை நோக்குவதே இதன் நெறி.

1981-இல் மாநிலச் சட்டமன்றம் குறுக்கிட்டது. ‘டெலிபரேட்’ எனவும் ‘பிரிமெடிடேட்டட்’ எனவும் மெய்ப்பிப்பதற்கு, குற்றவாளி தன் செயலின் கனத்தை முதிர்ச்சியோடும் பொருளுணர்ந்தும் எண்ணிப்பார்த்தான் எனக் காட்டத் தேவையில்லை என்று தண்டனைச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருளுக்குள் அதன் ஒருபொருட்சொல் நுழையக்கூடாது என்று சட்டமன்றம் ஒன்று வாக்களித்துத் தீர்மானித்த இந்நிகழ்வு அகராதி வரலாற்றாசிரியர் பார்வைக்கு இன்னும் போதிய அளவு வரவில்லை. வேட்லி குடும்பத்தாரின் நூலும் ரொஜெட்டின் நூலும் எதிரெதிரே வைத்த வினாவுக்கு இங்கு விடை கூறியவர்கள் அரசியலாளர்கள்.

ஒரு முரணையும் இங்குச் சுட்ட வேண்டும். நடுவர் குழு தீர்ப்புக்காகத் தனியறைக்குச் சென்று செய்யும் செயலுக்கும் ஆங்கிலத்தில் ‘டெலிபரேட்’ என்பதே வினை. அது பலமணி நேரம், சிலபோது பல நாள் நீளும். குற்றவாளிக்குச் சில நொடிகளில் கூடிவந்ததாகச் சொல்லப்படும் அதே செயலை அவன் செய்தானா என்று தீர்மானிக்கப் பன்னிருவருக்குப் பல நாள் தேவைப்படுகிறது.

இந்திய வழி

எண்ணிப்பார்த்துச் செய்த கொலையே கொடிது என்னும் அடிப்படை எண்ணத்தையே மறுத்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்தியாவில் அரசப் பிரதிநிதியின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்து 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தை வடித்தவர் இவரே. 1883-இல் வெளியிட்ட குற்றவியல் சட்ட வரலாற்றில் இவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். பாலத்தின்மேல் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவனை, வழியே செல்பவன் வெறும் கொடுமையினால் ஆழமான ஆற்றுக்குள் தள்ளிக் கொல்கிறான். இதில் முன்சிந்தனை சிறிதும் இல்லை, கொடுமைக்கோ குறைவில்லை. நெடுநாள் மனத்துள் போராடி வேறு வழியின்றிக் கொன்றவன் இவனைவிடத் தீயவனா என்பதே ஸ்டீபன் எழுப்பும் ஐயம். 1949 முதல் 1953 வரை பிரிட்டனில் மரண தண்டனையை ஆராய்ந்த அரச ஆணையமும் கொலையைத் தரம்பிரிக்கும் முயற்சி கைகூடாதது என்று கைவிட்டது. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-இல் முன்வைத்த மாதிரித் தண்டனைச் சட்டத்திலும் அவ்விரு சொற்களுக்குக் கொலையைத் தரம்பிரிக்கும் பணி இல்லை.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் தொடக்கத்திலிருந்தே கொலையை இவ்வாறு தரம்பிரிக்கவில்லை. கருத்து, அறிவு என்னும் இரண்டின் மேல் அது நின்றது. ‘பிரிமெடிடேஷன்’ என்னும் சொல் 300-ஆம் பிரிவின் நான்காம் விதிவிலக்கில் எதிர்மறையாகவே வருகிறது. திடீர்ச் சண்டையில், உணர்ச்சிக் கொதிப்பில், முன்சிந்தனை இன்றி நிகழ்ந்த சாவு கொலையாகாது என்பது அதன் கருத்து. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவிலும் இதுவே தொடர்கிறது. எண்ணிப்பார்த்தலின் ஆழத்தை அளக்கும் சுமையை இந்திய நீதிமன்றங்கள் அமெரிக்க மன்றங்களைப் போல ஏற்க வேண்டியிருக்கவில்லை. அவை பெரும்பாலும் நேரத்தை நோக்கின. 1961-ஆம் ஆண்டு நானாவதி வழக்கில், வீட்டைவிட்டு வெளியேறியதற்கும் சுட்டதற்கும் இடையே கழிந்த ஏறத்தாழ மூன்று மணி நேரம் தன்னடக்கத்தை மீட்டுக்கொள்ளப் போதுமானது என உச்ச நீதிமன்றம் கொண்டது. அது முதல் விதிவிலக்கு, அதாவது திடீர்ச் சினமூட்டல், குறித்த முடிவாயினும், எண்ணிப்பார்ப்பதற்கு வாய்ப்பிருந்தது என்பதே அதன் அடிநிலை.

தமிழில் பெயர்க்கும்போது

தமிழில் எண்ணிப்பார்த்தலைக் குறிக்கும் சொற்கள் குறைவல்ல. ‘எண்ணுதல்’ கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். ‘சீர்தூக்குதல்’ தராசையே கையில் ஏந்தியுள்ளது. எடைபோடுதலை நடுநிலையோடு இணைத்துப் பேசும் மரபு குறளிலேயே உண்டு. எனினும் ஆங்கில–தமிழ் அகராதிகளைப் புரட்டுவோர் ‘சிந்தி’, ‘ஆலோசி’, ‘ஆழ்ந்து நினை’ ஆகிய சிலவற்றுக்குள்ளேயே மேற்கண்ட ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் அடங்கிவிடுவதைக் காண்பர். ‘பாண்டர்’ என்பதற்கும் ‘டெலிபரேட்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே மறைந்துபோகிறது.

‘டெலிபரேட்’ நடந்த பாதையைத் தமிழில் முன்பே நடந்த சொல் ஒன்று உண்டு. அது ‘சூழ்ச்சி’. வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் அச்சொல் ஆராய்தலை மட்டுமே குறிக்கிறது. ஆராய்ச்சியின் முடிவு துணிதல் என்பதும், துணிந்தபின் காலம் தாழ்த்துதல் தீது என்பதும் அக்குறளின் பொருள். அமைச்சரைச் ‘சூழ்ச்சித் துணைவர்’ என்று போற்றியதும் அதே பொருளில்தான். இன்றோ அச்சொல் வஞ்சகத் திட்டத்தை மட்டுமே குறிக்கும். மன்றத்தில் செய்த ஆராய்ச்சி மறைவில் செய்யும் சதியாயிற்று. ஆங்கிலத்தில் ‘டெலிபரேட்’ வினையாக நிற்கும்போது மதிப்போடும், அடைமொழியாக நிற்கும்போது பொய், புண்படுத்துதல், கொலை ஆகியவற்றோடும் சேர்வது இதற்கு இணை. ஆங்கிலம் அவ்விரண்டையும் ஒலிப்பில் பிரித்து வைத்துக்கொண்டது; தமிழ் பழம்பொருளை உரைநூல்களுக்குள் விட்டுவிட்டது.

அமெரிக்கத் தீர்ப்புகளைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் ‘டெலிபரேட்’ என்பதற்குப் பெரும்பாலும் தேரும் சொல் ‘வேண்டுமென்றே’. அன்றாடப் பேச்சுக்கு அது பொருந்தும். ஆனால் மூன்று அடைமொழிகளுள் முதலாவதான ‘வில்ஃபுல்’ என்பதற்கே அச்சொல் உரியது. அதனை இரண்டாவதற்கும் வழங்கினால் 1868-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முடிவையே மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமல் ஏற்றவராவார். ‘திட்டமிட்டு’ என்பது மூன்றாவதற்கு ஓரளவு நெருங்கும். நாளிதழ்களில் மிகுதியும் வழங்கும் ‘முன்விரோதம்’ என்பதோ கொலைக்கான காரணத்தைச் சொல்லுமேயன்றி, எண்ணிப்பார்த்தானா என்பதைச் சொல்லாது. நெடுநாள் பகை இருந்தும் நொடியில் வெட்டியவன் உண்டு. பகையே இன்றி ஒரு மாதம் எண்ணிக் கொன்றவனும் உண்டு. ‘வேண்டுமென்றே, தீர எண்ணி, முன்னரே வகுத்து’ என மூன்றையும் பிரித்துப் பெயர்ப்பது இயலும். ‘தீர’ என்னும் வினையெச்சத்தில் எண்ணம் முற்றும்வரை எண்ணுதல் என்னும் கால அளவு இருக்கிறது. டிரம் வழக்கில் நீதிபதி ஆக்னியூ ‘டெலிபரேட்’ என்பதிலிருந்து நீக்கியது அந்தக் கால அளவையே.